‘வந்துட்டேன்’ என்றால் வரவில்லை

ராஜபாளையத்தில் ஒருவர் போனில் ‘வந்துட்டேன்’ என்று சொன்னால், அவர் இன்னும் சட்டை போடவில்லை என்று அர்த்தம். ‘கிளம்பிட்டேன்’ என்றால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறார். ‘இந்தா வாரேன்’ என்றால் அன்றைக்கு அவரை மறந்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். இதையெல்லாம் பொய் என்று சொல்வது அநியாயம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மனம் நோகாமல் போனை வைக்க வேண்டும், அதற்கு ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே வழக்கம்தான். அங்கே கொஞ்சம் மரியாதை கூட்டி ‘வந்துட்டோம்’ என்பார்கள்.

ஊரே இப்படி இருக்கும்போது ஸ்டெபினை மட்டும் தனியாகக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். ஆனால் அவன் மற்றவர்களைவிட ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும், உள்ளே போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதும் ஒன்றாக நடக்கும். “எம்மவன் ஆசீர்வாதத்தை மட்டும் விடவே மாட்டான்” என்று அவன் அம்மா கேத்ரின் சமாளிப்பாள். பிறந்ததுகூட டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் பிந்தித்தான்.

இப்படிப்பட்டவன் படித்து முடித்துக் கப்பலில் மூன்றாம் ஆபீசர் ஆனான். தெருவே சிரித்தது. “ஏலே ஸ்டெபினு, பஸ்ஸுன்னா கையைக் காட்டுனா நிப்பான். கப்பல் நிக்குமாலே?” என்று கேட்டார் எதிர்வீட்டு உக்கிரபாண்டி. அவருக்கு வேறு சந்தேகங்களும் இருந்தன. நடுக்கடலில் ரோடு எப்படித் தெரியும்? இவன் ஸ்டீரிங் பிடிப்பானா, டிக்கெட் கிழிப்பானா? மூன்றாம் ஆபீசர் என்றால் முதல் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஸ்டெபின் உண்மையான பதிலைச் சொல்லவில்லை. முதல் இரண்டு பேரும் கப்பலைப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாமவன் கப்பல் எரிந்தால், முழுகினால் என்ன செய்வது என்பதைப் பார்த்துக்கொள்கிறான். தீயணைக்கும் குப்பிகளைத் துடைப்பது, உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவது, ‘இந்த வழியாகத் தப்பிக்கவும்’ என்ற பச்சை ஸ்டிக்கர்களை ஒட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து வந்தால் ஆட்களை ஓரிடத்தில் நிறுத்திப் பேர் பார்த்து டிக் போடுவது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால் அவள் அன்றைக்கே பெட்டியை ஒளித்துவைத்துவிடுவாள். அதனால் “சும்மா ஆபீஸ் வேலைதாம்மா” என்று சொல்லிவைத்திருந்தான்.

அவனுக்குப் பெண் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பெண் பெயர் எப்சி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நிச்சயமும் ஆனது. நிச்சயத்துக்கு அவன் வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுவோம். அடுத்த லீவில் நடக்க இருந்த கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பத்தே காலுக்குப் போன் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“வந்துட்டேன் எப்சி. மடவார் வளாகம் நெருங்கிட்டேன். அஞ்சே நிமிஷம்.”

“பஸ்லயா?”

“ஆமா, நின்னுக்கிட்டே வாரேன். ஒரே கூட்டம்.”

“அப்ப பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட போனைக் குடுங்க.”

ஸ்டெபின் அப்போது ராஜபாளையத்தில், தன் வீட்டுக் குளியலறையில், தலையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றது ஒரு பிளாஸ்டிக் வாளி. கப்பலில் ஆபத்துக் காலத்தில் பதறக் கூடாது என்று படித்தவன் அல்லவா? தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கனத்த குரலில் கத்தினான்: “வில்லிபுத்தூர் எல்லாம் எறங்கு! மடவார் வளாகம் எறங்குற ஆள் முன்னால வா! படியில நிக்காத!”

வெளியே அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “ஏலே, யாருலே பாத்ரூமுக்குள்ள கண்டக்டர்?”

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்புச் சத்தம். அது போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது. ராஜபாளையத்தில் ஒரு சிநேகிதியைப் பார்க்க வந்த எப்சி, அப்படியே மாமியாரையும் பார்க்கலாம் என்று ஒன்பதரை மணிக்கே அவன் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தாள். கேத்ரின் போட்டுக்கொடுத்த காப்பியையும் குடித்து முடித்திருந்தாள்.

அவன் துண்டோடு வெளியே வந்தபோது அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். “இங்க பாருங்க. நான் கிளாஸ்ல பேர் கூப்பிட்டா ஆள் இல்லாமலே குரல் வரும். அதனால நான் குரலை நம்புறதே இல்ல. மூஞ்சியைப் பாத்துத்தான் டிக் போடுவேன். இனிமே நீங்க வந்துட்டேன்னு சொன்னா வந்திருக்கணும். இல்லேன்னா சொல்லாதீங்க.”

“சத்தியமா” என்றான் ஸ்டெபின். காதுக்குள் இருந்த சோப்பு எரிந்தது. மறுவாரமே கப்பல் ஏறிவிட்டதால் சத்தியத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

அந்தக் கப்பலில் மொத்தம் இருபத்தொரு பேர். கேப்டன் முகர்ஜி, கல்கத்தாக்காரர், சிரித்தால் சம்பந்தமில்லாதவர்கள்கூடப் பயப்படுவார்கள். மற்றவர்கள் பல ஊர், பல பாஷை. தமிழ் பேசுகிறவர் இவனைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார். இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை பார்க்கும் சாகுல் ஹமீது. ஊர் எது என்று கேட்டான். செட்டியார்பட்டி என்றார். ராஜபாளையத்திலிருந்து கூப்பிடுகிற தூரம். இந்தியப் பெருங்கடலுக்கு நடுவில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து, காணாமல்போன அண்ணன் தம்பி போலிருக்கிறது என்று சமையல்காரர் அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

சாகுல் அண்ணனுக்கு ஐம்பது வயது. ஆட்கள் முன்னால் ஸ்டெபினை “சார்” என்பார், தனியாக இருந்தால் “தம்பி”. அவரிடம் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, பல் செட்டு. மகள் சுமையாவுக்குக் கல்யாணம் முடிவானதும் போட்டோவில் பொக்கை வாயோடு நிற்க முடியாது என்று, நாலு மாதம் டாக்டரிடம் நடையாய் நடந்து கட்டியது. ஆனால் இன்ஜின் அறையின் அதிர்வில் அது வாய்க்குள் தனியாகத் தாளம் போட்டது. எங்கேயாவது கழன்று இயந்திரத்துக்குள் விழுந்தால் கல்யாணத்துக்குள் வேறு கட்ட முடியாது. அதனால் வேலை நேரத்தில் கழற்றி, கட்டுப்பாட்டு அறை மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைப்பார். வேலை முடிந்ததும் மாட்டிக்கொண்டுதான் மேலே வருவார். பல் இல்லாமல் அவரை மேல்தளத்தில் ஒரு ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது விசேஷம், ஊர் வழக்கத்தைக் கடலிலும் கைவிடவில்லை. வாராவாரம் ஒத்திகை மணி அடிக்கும். எல்லோரும் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பின்தளத்துக்கு ஓடிவர வேண்டும். ஸ்டெபின் பட்டியலோடு நின்று டிக் போடுவான். சாகுல் ஹமீது என்று கூப்பிட்டால், வேலை முடிந்து பல்லை மாட்டிக்கொண்டு டீக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து வாக்கிடாக்கியில் மட்டும் குரல் வரும். “வந்துட்டேன் தம்பி!” பின்னணியில் டீ உறிஞ்சுகிற சத்தமும் வரும். ஸ்டெபின் சிரித்துக்கொண்டே டிக் போட்டுவிடுவான். ஊர்க்காரர். அவர் சொல்லிக் கேட்கும்போது காதுக்கு இதமாக இருந்தது. எப்சிக்குச் சத்தியம் பண்ணியவன் இந்தச் சொல்லைத் தான் சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டான். ஒரு ஆளைப் பார்க்காமல் டிக் போடுவது தப்பு. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். நாலு மாதம் தெரிந்தே அந்தத் தப்பைச் செய்தான்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மணி அடித்தது. அன்றைக்கு ஒத்திகை இல்லை.

இன்ஜின் அறையில் எண்ணெய்க் குழாய் ஒன்று விண்டு, சூடான இயந்திரத்தின் மேல் பீய்ச்சி அடித்துத் தீப்பிடித்துவிட்டது. கீழே வேலை பார்த்தவர்கள் ஓடிவந்தார்கள். புகைபோக்கி இல்லாத இடங்களிலெல்லாம் புகை வந்தது. சின்னத் தீயாக இருந்தால் குப்பியால் அணைக்கலாம், இது அந்த அளவைத் தாண்டிவிட்டது. அடுத்தது ஒரே வழிதான். இன்ஜின் அறையின் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, உள்ளே கரியமில வாயுவைத் திறந்துவிட வேண்டும். தீ மூச்சுத் திணறி அணைந்துவிடும். உள்ளே மனுஷன் யாராவது இருந்தால் அவனும் அப்படியே அணைந்துபோவான். அதனால்தான் இருபத்தொரு பேரும் வெளியே இருக்கிறார்கள் என்று ஒருவன் எண்ணிச் சொன்ன பிறகே கைப்பிடியை இழுக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவன் மூன்றாம் ஆபீசர். பாத்ரூமில் கண்டக்டர் வேலை பார்த்த அதே ஸ்டெபின்.

பின்தளத்தில் நின்று பெயர்களைக் கூப்பிட்டான். இருபது பேருக்கு டிக் விழுந்தது. கேப்டன் மேலே கப்பலோட்டும் அறையிலிருந்து வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். சீஃப் இன்ஜினியர் வாயு அறையில் கைப்பிடியைப் பிடித்தபடி தயாராக இருந்தார்.

“சாகுல் ஹமீது!”

“இந்தா ஃபந்துட்டேன் தம்பி!”

பழகிய கை, டிக் போட்டுவிட்டது.

“மூன்றாம் ஆபீசர், கணக்கு என்ன?” என்றார் கேப்டன்.

இருபத்தொன்று என்று சொல்ல ஸ்டெபின் வாயைத் திறந்தான். சொல்லியிருப்பான். ஆனால் காதுக்குள் அந்த ‘ஃபந்துட்டேன்’ உறுத்தியது. ‘வ’ எங்கே போனது? சாகுல் அண்ணன் மேலே வந்திருந்தால் வாயில் பல் இருக்கும், பல் இருந்தால் ‘வ’ இருக்கும். நிமிர்ந்து பின்தளம் முழுக்கப் பார்த்தான். ஆரஞ்சு அங்கிகளுக்கு நடுவே அவர் முகம் இல்லை.

“சார், இருபது.”

“இப்போது ஒருவன் பேசினானே. என்ன சொன்னான்?”

“வந்துவிட்டேன் என்று சொன்னார் சார்.”

“அப்படியானால் இருபத்தொன்று.”

“இல்லை சார். வரவில்லை.”

“வந்துவிட்டேன் என்று அவன் சொல்கிறான், வரவில்லை என்று நீ சொல்கிறாயா?”

“சார், எங்கள் ஊரில் வந்துட்டேன் என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.”

முப்பது வருஷம் கடலில் இருந்தவர் முகர்ஜி. புயலைப் பார்த்திருக்கிறார், கொள்ளைக்காரர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை.

“வந்தவன் என்ன சொல்வான் உங்கள் ஊரில்?” என்று கத்தினார்.

“வந்தவர் ஒன்றும் சொல்ல மாட்டார் சார். வந்து நிற்பார்.”

இதற்கு மேல் இங்கிலீஷில் விளக்க அவனுக்குத் தெம்பில்லை. பொத்தானை அழுத்தித் தமிழில் பேசினான். கப்பல் முழுக்கக் கேட்டது, ஒருவருக்கும் புரியவில்லை.

“அண்ணே, எங்க நிக்கீய?”

“இந்தா வாசல்லதான் தம்பி.”

“அப்படின்னா பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட வாக்கிடாக்கியைக் குடுங்க.”

பதில் இல்லை. உலகத்திலேயே இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு தடவை மாட்டிக்கொண்டு முழித்தவன் ஸ்டெபின்தான். அந்த மௌனத்தை அவனுக்கு உள்ளும் புறமும் தெரியும். சாகுல் அண்ணன் கண்டக்டர் குரலில் கத்தவும் இல்லை.

“அண்ணே, கண்ட்ரோல் ரூம்லயா இருக்கீய? பல்லு செட்டு எடுக்கப் போனீயளா?”

இருமலோடு குரல் வந்தது. “ஆமா தம்பி. பாதிப் படி ஏறிட்டுத் திரும்பிட்டேன். செத்த நேரந்தானன்னு நெனச்சேன். இப்ப கதவத் தெறந்தா ஒரே பொகை. யாருட்டயும் சொல்லிராத.”

“என்ன சொல்கிறான்?” என்றார் கேப்டன்.

“உள்ளே இருக்கிறார் சார். பல்.”

“என்ன?”

“பல், சார். பல்!”

கேப்டன் அதற்கு மேல் கேட்கவில்லை. சீஃப் இன்ஜினியர் குறுக்கிட்டு, எண்ணெய்த் தொட்டியின் சுவர் சூடாகிறது, அதிக நேரம் தாங்காது என்றார். அவர் கையில் இருந்தது வெறும் கைப்பிடி, அதை இழுப்பதா வேண்டாமா என்பது ஸ்டெபினின் வாயில் இருந்தது.

ஸ்டெபினுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கீழே இறங்கி அவரைக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டும் போல இருந்தது. ஆனால் எண்ணுகிறவன் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் எண்ணிக்கையே போய்விடும். அவன் வேலை நிற்பதுதான். வாழ்நாளில் ஒரு இடத்துக்கும் நேரத்தில் போய் நிற்காதவனுக்கு அப்படி ஒரு வேலை.

“அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. வந்த வழி வேண்டாம். ரூமுக்குப் பின் மூலையில ஒரு கதவு இருக்கு. நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுனப்ப ‘எதுக்குய்யா இம்புட்டு ஸ்டிக்கரு, கல்யாண வீடா’ன்னு கேலி பண்ணீயளே, அந்தக் கதவு. அதுக்குள்ள நெட்டுக்குத்தா ஏணி. நேரா நான் நிக்கிற எடத்துக்கு வந்துரும்.”

“பாத்துட்டேன் தம்பி.”

“கதவுக்குப் பக்கத்துல ஆரஞ்சுப் பை தொங்கும். அதைத் தலையோட மாட்டுங்க. பத்து நிமிஷத்துக்குக் காத்து வரும். மாட்டிட்டா பேச முடியாது. பேசாம ஏறி வாங்க.”

“சரி தம்பி. பல்லைப் போட்டுட்டு மாட்டவா, மாட்டிட்டுப் போடவா?”

“அண்ணே!”

“சரி, சரி, கோவப்படாத. சுமையா கல்யாணம் தம்பி...” கொஞ்சம் கடபுடச் சத்தம். பிறகு, “இந்தா வந்துட்டேன்.”

இந்தத் தடவை ‘வ’ சுத்தமாக விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டெபின் பட்டியலில் போட்ட இருபத்தொன்றாவது டிக்கைக் கோடு போட்டு அழித்தான். பிறகு மற்ற இருபது டிக்குகளின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. வரிசையாக நடந்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினான். தன் நெஞ்சையும் தொட்டுக்கொண்டான். கேப்டனும் சீஃப் இன்ஜினியரும் அவரவர் இடத்திலிருந்து பேசும்போது, பக்கத்தில் நின்ற ஆளையும் பேசச் சொன்னான். கேப்டனையே அப்படிக் கேட்டபோது, அவர் வங்காளத்தில் ஏதோ சொன்னார். நல்லவேளை, அது யாருக்கும் புரியவில்லை.

“மூன்றாம் ஆபீசர், தொட்டி வெடித்தால் இருபது பேரும் போவோம். உன் கணக்கு என்ன?”

“இருபது சார். தோளைத் தொட்டால்தான் இருபத்தொன்று சொல்வேன்.”

“மூன்று நிமிஷம் தருகிறேன்.”

அந்த மூன்று நிமிஷத்தை ஸ்டெபின் இன்றைக்கும் எப்சியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தளத்தின் இரும்பு செருப்பைத் தாண்டிச் சுட்டது. நாலு மாதமாகப் பார்க்காமல் போட்ட டிக்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர் டீ உறிஞ்சுகிற சத்தம் நினைவுக்கு வந்தது. ஒரு வாரமாவது ‘மேல வாங்கண்ணே’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு மேலே வந்து நிற்கிற பழக்கம் வந்திருக்கும். சிரித்துக்கொண்டே அவரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தான். ஆண்டவரே, அவர் நேரத்துக்கு வரட்டும், நான் இனி வாழ்நாள் பூரா நேரத்துக்கு வருகிறேன் என்று வாய்விட்டே சொன்னான். ஆண்டவருக்கும் இவன் வாக்குறுதியைப் பற்றித் தெரியும்தான்.

இரண்டே முக்கால் நிமிஷத்தில் அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு மூடி லேசாக அசைந்தது. நாலு பேர் பாய்ந்து திறந்தார்கள். உள்ளிருந்து ஆரஞ்சுப் பை மாட்டிய தலை ஒன்று வெளியே வந்தது. தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். ஸ்டெபின் மண்டி போட்டு அந்தத் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, உள்ளே எலும்பு இருந்தது, சதை இருந்தது, சூடு இருந்தது.

“இருபத்தொன்று!” என்று கத்தினான். “இருபத்தொன்று சார்!”

கைப்பிடி இழுபட்டது. கீழே பெரிய இரைச்சல் கேட்டது, அப்புறம் அடங்கியது. தீ அணைந்தது. மறுநாள் இழுவைக் கப்பல் வந்து அவர்களைக் கரைக்குக் கொண்டுபோனது. முகர்ஜி அவனைக் கூப்பிட்டு, எதிரில் உட்காரச் சொன்னார். ஒரு டீ கொடுத்தார். “உன் ஊர்க்காரர்கள் எல்லோரும் இப்படியா?” என்று கேட்டார். “ஆமாம் சார்” என்றான். “இனிமேல் என் கப்பலுக்கு ஒரு நேரத்தில் ஒருவர் போதும்” என்றார். சிரித்தார். அன்றைக்கு ஸ்டெபினுக்குப் பயமாக இல்லை.

விசாரணை நடந்தது. ஒன்பது நிமிஷம் தாமதித்தது ஏன் என்று கம்பெனி எழுத்தில் கேட்டது. ஸ்டெபின் தன் ஊர் வழக்கத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதினான். நாலு மாதம் முகம் பார்க்காமல் டிக் போட்டதையும் மறைக்காமல் எழுதினான். அதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, தாமதித்ததற்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. இரண்டும் ஒரே உறையில் வந்தன. அதோடு, ‘வந்துவிட்டதாகச் சொல்பவர் வந்தவராகக் கருதப்பட மாட்டார்’ என்று எல்லாக் கப்பல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. அது எந்த ஊர்ச் சரக்கு என்று கடலில் யாருக்கும் தெரியாது.

எப்சியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். கண்டக்டர் இல்லாத அந்த மௌனத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. “ஒங்க வீட்டு ஹால்ல அன்னைக்கு நான் உக்காந்து காப்பி குடிச்சது வீண் போகல” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுமையாவின் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதினோரு மணி நிக்காவுக்கு ஸ்டெபின் காலை ஏழு மணிக்கே போய் நின்றான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவ்வளவு சீக்கிரம் வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டுபோக வந்தவனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருக்கலாம். சாகுல் அண்ணனின் மனைவி ரஹ்மத் பீவி மட்டும் “வாங்க தம்பி, வாங்க” என்று உட்காரவைத்தார். அவரிடம் அண்ணன் சொல்லியிருந்தது, “கப்பல்ல அடுப்படில லேசாப் பொகை வந்துச்சு, அம்புட்டுதான்.” ஸ்டெபினைப் பார்த்து அண்ணன் கண்ணைக் காட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

நிக்கா முடிந்தது. மத்தியானத்துக்குள் நூறு போட்டோவாவது எடுத்திருப்பார்கள். ஒன்றில்கூட அண்ணனின் பல் தெரியவில்லை. மகள் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து அவர் உதட்டை இறுக்கி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார்.

“பாய், செத்த சிரிங்களேன்” என்று போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

“பாருங்க தம்பி இவிய கூத்தை” என்றார் ரஹ்மத் பீவி. “இந்தப் பல்லுக்காக எம்புட்டு நடை நடந்தாவ. இன்னைக்குன்னு வாயைத் தெறக்க மாட்டேங்காவ.”

எம்புட்டு நடை என்று ஸ்டெபினுக்குத்தான் தெரியும்.

கடைசியாகக் குடும்பம் மொத்தமும் மேடையில் நிற்கிற படம். ஸ்டெபினையும் எப்சியையும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார் போட்டோக்காரர்.

“வந்துட்டோம்!” என்று ஒரு கூட்டமே பதில் சொன்னது, சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளிருந்து.

ஸ்டெபினுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வரிசையை விட்டு இறங்கி, ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ண ஆரம்பித்தான். மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். எப்சி தடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள், அவர்களையும் தொட்டான். கடைசியாக சாகுல் அண்ணன் தோளில் கையை வைத்தான். அன்றைக்கு வைத்த அதே தோள்.

“வந்துட்டாரு” என்றான்.

சாகுல் அண்ணன் அவனைப் பார்த்தார். அழுதுகொண்டே வாய்விட்டுச் சிரித்தார்.

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். அந்தப் படத்தில் மாப்பிள்ளை எங்கோ பார்க்கிறார், பெண்ணின் பாதி முகம் ஸ்டெபினின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சாகுல் அண்ணனுக்கு மட்டும் எல்லாப் பல்லும் தெரிகிறது. ரஹ்மத் பீவி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.